மூன்றாவது மாத்திரை

அஸ்தினாபுரத்தில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களை நிறுத்தி, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் ஹஃபீசா அக்கா என்பார்கள். மீதிப் பேர் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு என் கடைக்குப் பஞ்சும் மருந்தும் வாங்க வந்தவர்கள். என் மனைவி தமிழினி அக்காவிடம் கற்றவள். அந்த அக்காவின் சிறுநீரகங்கள் கெட்டுப்போனதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லித் திடுக்கிட வைக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

என் பெயர் வெற்றிவேல். மெயின் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அப்பா நிலத்தை மனை போட்டு விற்றதில் என் பங்கை வாங்கித் தொண்ணூற்றெட்டில் திறந்த கடை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பார்மசி சர்டிபிகேட் என்னுடையது அல்ல, மேற்குத் தாம்பரத்துத் தோத்தாத்ரி சாருடையது. மாதம் ஒருமுறை வருவார், நோட்டில் கையெழுத்துப் போடுவார், காபி குடித்துவிட்டுப் போவார். நான் படித்தது பி.காம். ஆனால் கவுன்டருக்குப் பின்னால் எட்டு வருஷம் நின்றால் எவனுக்கும் கொஞ்சம் திமிர் வந்துவிடும். தெருவில் என்னை ‘டாக்டர் தம்பி’ என்று கூப்பிட்டார்கள். கூச்சமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, ஜம்மென்றுதான் இருந்தது.

ஹஃபீசா அக்கா எனக்கு நாலு வயது மூத்தவர். கணவர் முஸ்தபா பாய் குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். யாரோ விற்றுவிட்டுப் போன இரண்டு பழைய ஸ்கூட்டிகளைச் சரிபண்ணி அவர் வீட்டு வாசலில் நிறுத்த, அக்கா அதையே தொழிலாக்கிக்கொண்டார். செம்பாக்கம் ஏரிப் பக்கம் மனைக்கல் நட்டு வைத்த காலி லேஅவுட்தான் அவருடைய பள்ளிக்கூடம். கறுப்பு புர்கா, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். காலை ஏழிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து ஆறு. பின் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். நாற்பது வயதுப் பெண்கள் சின்னப் பிள்ளைகள் போல அழுவார்கள். “கண்ணு ரோட்ல இருக்கணும்மா! சக்கரத்துல இன்னா கீது, தங்கமா?” என்று அவர் போடும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். ஆம்பளைகள் வேடிக்கை பார்க்க நின்றால் விசிலை ஊதியே துரத்துவார்.

அவருக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டும் நாலாம் மாதம் தங்கவில்லை. வண்டி ஓட்டினால் எப்படித் தங்கும் என்று தெரு பேசியது. எனக்கும் அது காதில் விழுந்தது, நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட் மாதம் சிக்கன்குனியா வந்தது. அந்த வருஷத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் என்றில்லை, வீடே படுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி பாத்ரூம் போன தெரு அது. கோழிக்கறி தின்றால் வரும் என்று எவனோ கிளப்பிவிட, கறிக்கடைகள் காற்று வாங்கின. டாக்டர்களிடம் டோக்கன் போட்டு நாலு மணி நேரம் உட்கார முடியாதவர்கள் நேரே என்னிடம் வந்தார்கள். “தம்பி, ஒரு செட் குடு.”

செட் என்றால் இந்தப் பக்கத்து மருந்துக்கடைகளில் எல்லோருக்கும் தெரியும். சீட்டு கிடையாது, பெயர் கிடையாது. அட்டையிலிருந்து வெட்டிப் பிரித்த மாத்திரைகளை ஒரு வேளைக்கு இவ்வளவு என்று சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்போம். என் செட்டில் மூன்று இருக்கும். வலிக்கு ஒன்று. வயிறு எரியாமலிருக்க ஒன்று. மூன்றாவது, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை மாத்திரை. அது ஸ்டீராய்டு. அது இருந்தால்தான் ஆள் மறுநாள் நிமிர்ந்து நடந்து வந்து “கை ராசி தம்பி உனக்கு” என்று சொல்வான். அதில்லாத செட் கொடுத்த கடைக்கு எவனும் இரண்டாம் முறை போகவில்லை. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் தமிழினியும் உட்கார்ந்து நூறு, இருநூறு என்று கவர் கட்டுவோம்.

செப்டம்பரில் அக்காவும் வந்தார். காய்ச்சல், மூட்டெல்லாம் வலி. ஒரு வாரத்துக்குச் செட் வாங்கிப் போனார். நாலாம் நாள் விசில் சத்தம் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கலுக்குள் தெருவில் எல்லோருக்கும் வலி போய்விட்டது, அல்லது குறைந்துவிட்டது. அக்காவுக்குப் போகவில்லை. செட்டை விட்டால் நாலே நாளில் திரும்ப வந்தது. வந்து நிற்பார். “இன்னா வெற்றி, இந்தக் கொசு என்னிய மட்டும் விட மாட்டேங்குதே. காலைல எழுந்தா விரல் மடங்கவே மாட்டேங்குது. பிரேக் புடிக்க முடியல. ஒம்போது மணி ஆவுது சரியாவுறதுக்கு.”

“சிக்கன்குனியா வலி ரெண்டு வருஷம் இருக்கும்க்கா” என்பேன். பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. அது பொய்யும் இல்லை. சிலருக்கு இருக்கத்தான் செய்தது. என் பிழை பெரிதாக வளர்ந்ததே அந்த உண்மையின் நிழலில்தான். ஊரே ஒரு வியாதியில் படுத்து எழுந்திருக்கும்போது, அதே மாதிரி ஒன்று நடுவில் புகுந்து உட்கார்ந்திருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

“இதுல ஒன்னும் தப்பா இல்லியே வெற்றி? மாசக்கணக்குல முழுங்கறேனே” என்று ஒருமுறை கேட்டார்.

“வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்தான்க்கா.” நான் சட்டென்று சொன்ன பதில் அது. கவருக்குள் மூன்று இருந்ததை அவர் எண்ணாமலா இருந்திருப்பார்? இருந்தும் நம்பினார்.

பிறகு கன்னம். மார்ச்சில் வெயில் ஏற ஏற, வகுப்பு முடித்துவிட்டு வரும்போது இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சேர்த்துச் சிவந்திருக்கும். யாரோ விரித்த கையால் அறைந்த மாதிரி. சிக்கன்குனியா வந்தவர்களுக்கு மூக்கில் கறுப்பு விழுந்ததை அந்த வருஷம் நிறையப் பார்த்திருந்தோம். இது கறுப்பு இல்லை, சிவப்பு. வெயிலில் போனால் கூடியது, நிழலில் இருந்தால் குறைந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்துக்கு ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தேன். அதற்குள்ளும் ஸ்டீராய்டுதான்.

இன்னொரு நாள் வாயில் புண் என்றார். அண்ணத்தில் இருக்கிறது, ஆனால் வலிக்கவே இல்லை, அதுதான் விசித்திரம் என்றார். பி காம்ப்ளக்ஸ் கொடுத்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று தமிழினியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதற்கு ஒரு எண்ணெய் பாட்டில். சாயங்காலமானால் லேசாகக் காய்கிறது என்றார். “உடம்புல எதிர்ப்பு சக்தி கொறஞ்சிடுச்சிக்கா” என்று பெரிய மனுஷன் தோரணையில் சொல்லி, எதிர்ப்பு சக்தியை ஏற்றும் டானிக் ஒன்றையும் தலையில் கட்டினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முஸ்தபா பாய்க்கு அக்காவின் களைப்பு தெரியும். தமிழினிக்கு முடி கொட்டியது தெரியும். வகுப்புக்கு வந்த பெண்களுக்குக் கன்னம் தெரியும். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்தை எடுத்து விற்றவன் நான். ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, இது ஏதோ ஒரே வியாதி, ஒழுங்காக ஒரு டாக்டரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தட்டியிருக்க மாட்டார். என்னை அவ்வளவு நம்பினார்.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் தமிழினி ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அக்காவுக்கு ஒன்னுக்குப் போனா சோப்பு நுரை மாதிரி நிக்குதாம். கால்ல கொலுசு தடம் பதியுதாம். உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க.”

“வெயில்ல அலையறாங்க, தண்ணி குடிக்கிறதில்ல. பார்லி காய்ச்சிக் குடிக்கச் சொல்லு” என்றேன். பேப்பர் படித்துக்கொண்டே சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

செப்டம்பர் நடுவில் நோன்பு ஆரம்பமாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா வந்தார். போன வருஷம் காய்ச்சலில் விட்டுப்போன நோன்புகளே இன்னும் பாக்கி இருக்கிறது, இந்த வருஷம் முப்பதும் வைத்தே தீரணும் என்றார். “உன் செட்டு மூணு வேளை ஆச்சே. நோன்புல எப்பிடி முழுங்கறது? வியாதிக்காரங்களுக்கு நோன்பு கடமை இல்லதான். ஆனா நான் வியாதிக்காரியா, இல்லியா? அத நீ சொல்லு.”

நேருக்கு நேர் கேட்டார். நான் வியாதிக்காரியா, இல்லையா? அந்த ஒரு கேள்விக்கு நான் உண்மையாக “எனக்குத் தெரியாதுக்கா” என்று சொல்லியிருந்தால் போதும். அவருடைய மார்க்கமே அவருக்கு வழி விட்டிருந்தது. டாக்டர் ஒருவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் நிறுத்தியிருப்பார். ஆனால் எதிரே நிற்பவர் பக்தியோடு கேட்கிறார், நாம் வேறு மதம், தடையாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு பெரிய மனசு வந்துவிட்டது. “சும்மா வலிதானேக்கா. தாராளமா நோன்பு வைங்க. மாத்திரையை நிறுத்திடுங்க. ஒரு மாசம் உடம்புக்கும் ரெஸ்ட் குடுத்த மாதிரி இருக்கும்” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். அடுத்த மதத்துக்காரரை மதிக்கத் தெரிந்தவன் என்று என்னையே நான் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு வருஷமாகத் தினமும் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னேன். அப்படி நிறுத்தக் கூடாது என்பது அட்டையோடு வரும் பொடி எழுத்துக் காகிதத்தில்கூட இருக்கிறது. நான் அதைப் படித்ததில்லை. கவர் கட்டும்போது குப்பையில் போடுவதற்கு மட்டும்தான் அதைக் கையில் எடுத்திருக்கிறேன்.

பதினெட்டாம் நோன்பன்று காலை ஒன்பது மணிக்கு லேஅவுட்டில் மனைக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பெண் பிரேக் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தால் கண் செருகியிருக்கிறது, வாந்தி. கால் இரண்டும் வீங்கி ஷூவின் ஓரம் சதையில் பதிந்திருந்தது. பாய் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு தாம்பரம் போனார். அங்கே ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, உடனே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் முஸ்தபா பாய் என் கடைக்கு வந்தார். நோன்பு வாயோடு, சவரம் செய்யாத முகத்தோடு, ஷெட் கிரீஸ்கூடக் கழுவாமல் நின்றார்.

“வெற்றி, டாக்டரம்மா கேக்கறாங்க. இத்தினி நாளா இன்னா மாத்திரை சாப்ட்டாங்க, ஒன்னு விடாம எழுதி வாங்கினு வான்னு. பிரஷர் ஏறவே மாட்டேங்குது. எழுதிக் குடுப்பா.”

பேனாவை எடுத்தேன். வலி மாத்திரையின் பெயரை எழுதினேன். கேஸ் மாத்திரையின் பெயரை எழுதினேன். மூன்றாவதற்குக் கை வரவில்லை. சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்தது என் கையெழுத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஃபைலுக்குள் போகப் போகிறது. மருந்து இன்ஸ்பெக்டர் வருவார், சுவரில் இருக்கும் சர்டிபிகேட் யாருடையது என்று கேட்பார், தோத்தாத்ரி சார் கையை விரிப்பார், கடை மூடப்படும். இத்தனையும் பேனா நின்ற அந்த நேரத்துக்குள் ஓடியது. அக்கா பிழைப்பாரா என்பது அந்த ஓட்டத்தில் எங்கேயும் வரவில்லை. அது வந்திருந்தால் நான் கொஞ்சம் மேலான ஆள்.

“அவ்ளோதான் பாய்” என்று காகிதத்தை நீட்டினேன். அதை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

இரண்டு நாள் போனது. ஏதோ கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று மருந்து ஏற்றுகிறார்கள், பிடிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்று செய்தி வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கவர் கட்ட உட்கார்ந்தபோது தமிழினி கையில் எடுத்த கவரைத் திரும்ப வைத்துவிட்டாள்.

“பாய் ரயிலுக்குப் போற வழியில அந்தப் பேப்பரை என்கிட்ட காட்டிட்டுத்தான் போனாரு. ரெண்டு மாத்திரை பேருதான் இருந்துச்சு. நாம மூணு போட்டுத்தானே கட்றோம்?”

நான் அட்டையை வெட்டிக்கொண்டே இருந்தேன்.

“எதை விட்டீங்க?”

“உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாதுன்னே வெச்சுக்கங்க. டாக்டருக்குப் புரியும்ல?” அவள் அழவில்லை, கத்தவில்லை. மூன்று டப்பாவையும் மூடி ஓரமாக வைத்தாள். “நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போவட்டுமா?”

நான் போனேன். நானாகப் போகவில்லை, அவள் அனுப்பிப் போனேன். குரோம்பேட்டையில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கும் வரை, வழியிலேயே அக்கா போய்விட்டார் என்று செய்தி வந்தால் சொல்ல வேண்டியிருக்காதே என்று ஒரு நினைப்பு வந்து வந்து போனது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வார்டில் இருந்தவர் டாக்டர் ரமா. இருபத்தெட்டு வயதுக்குள்தான் இருக்கும். தூங்காத கண். நான் சொன்னதைக் கேட்டு, எவ்வளவு பவர், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

“எழுதிக் குடுத்த பேப்பர்ல இது இல்லையே?”

“மறந்துட்டேன் மேடம்.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நம்பவில்லை. நர்ஸிடம் திரும்பி அவசரமாக ஏதோ ஊசி போடச் சொன்னார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு நாளா பிரஷர் ஏன் விழுதுன்னு நாங்க கிருமியைத் தேடிட்டிருக்கோம். வெளியிலேர்ந்து இந்த மருந்து போய்க்கிட்டே இருந்தா, உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்திடும். திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் சாயும். இது முதல் நாளே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே இந்த ஊசி போட்டிருப்போம்.”

“இப்ப சரியாயிடுமா மேடம்?”

“இது சரியாகும். ஆனா அடியில இருக்கிறது வேற.” மேஜை மேல் இருந்த ரிப்போர்ட்டைத் திருப்பினார். “லூப்பஸ்னு சந்தேகப்படறோம். கேள்விப்பட்டிருக்கீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். ஒன்பது வருஷம் டாக்டர் தம்பியாக இருந்தவனுக்கு அந்தப் பெயரே தெரியாது.

“எதிர்ப்பு சக்தின்னு சொல்றோமே, அது கிருமியை வெளியாள்னு அடையாளம் கண்டு அடிக்கணும். இவங்களுக்கு அந்த அடையாளம் தப்பிடுச்சு. சொந்த உடம்பையே வெளியாள்னு நினைச்சு அடிக்குது. தோல், மூட்டு, ரத்தக்குழாய், கிட்னி எல்லாத்தையும் பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கிற இணைப்புத் திசு உடம்பு பூரா ஓடுது. அதனால ஒரே இடத்துல நிக்காது. ஒரு நாள் விரல், ஒரு நாள் கன்னம், வாய்ப்புண், முடி, அப்புறம் உள்ள போய் கிட்னி. தனித்தனியா பாத்தா ஒவ்வொன்னும் சாதாரணமாத்தான் தெரியும்.” நிறுத்தினார். “இவங்களுக்கு அபார்ஷன் ஆகியிருக்கா?”

“ரெண்டு தடவை மேடம்.”

“அப்பவே இருந்திருக்கலாம்.”

“சிக்கன்குனியான்னு நெனச்சோம் மேடம்.”

“அதுவும் வந்திருக்கலாம். தூங்கிட்டிருந்ததை அது எழுப்பி விட்டிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா உங்க வெள்ளை மாத்திரை இருக்கே, இதுக்கும் மருந்து அதுதான். அரைகுறை அளவுல குடுத்து வியாதியை வெளிய தெரியாம ஒரு வருஷம் மூடி வெச்சுட்டீங்க. கூடவே வலி மாத்திரை கிட்னியை இன்னொரு பக்கம் அடிச்சிருக்கு. எவ்ளோ போச்சுன்னு பயாப்ஸி எடுத்தாத்தான் தெரியும்.”

சொந்த வீட்டு ஆட்களையே திருடன் என்று அடிக்கிற வாட்ச்மேன் ஒருவன். அவனுக்குத் தெம்பு வரட்டும் என்று நான் டானிக் விற்றிருக்கிறேன். “மேடம், அவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க” என்று கும்பிட்டேன்.

“அவங்க என் பேஷண்ட். நீங்க இல்ல” என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று தாம்பரம் ரயிலில் திரும்பி வரும் வழி முழுக்க யோசித்தேன். எனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஊசி போட்ட மறுநாளே அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பயாப்ஸியில் இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் அடி வாங்கியிருந்தன. நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வாயில் நுழையாத பெயரில் நாலைந்து மருந்து, அதோடு அந்த வெள்ளை மாத்திரை, இந்த முறை ஒரு டாக்டர் அளந்து எழுதியது. வெயில் கூடாது. வகுப்பு அத்தோடு நின்றது. ஒரு வண்டியை விற்றார்கள். முகம் வட்டமாக உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை வைத்து, பழைய ஆளே இல்லை. “நல்லா குண்டாயிட்டியேம்மா” என்று கேட்ட ஒரு அம்மாவிடம், “ஆமா, தெனமும் பிரியாணி. நீங்களும் வாங்க, டாக்டர் சீட்டோட” என்று என் கடை வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்தார்.

ஆமாம், என் கடை வாசலில். மாதம் பிறந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். குடை, கைக்கு உறை, முகத்துக்குத் துணி. மருந்தை வாங்கி அட்டை அட்டையாக எண்ணுவார், தேதி பார்ப்பார், கொஞ்ச நேரம் நிற்பார். “கடை எப்பிடி போவுது?” என்பார். செட் கட்டுவதை நிறுத்திவிட்டேன் என்பேன். “ஏன்?” என்பார். “சும்மாதான்க்கா” என்பேன். அவர் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு போவார். கூட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தோணிசாமி புதிதாகத் திறந்த கடைக்கு மாறிவிட்டது. அங்கே செட் கிடைத்தது.

ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பண்டிகை வந்தது, அப்புறம் என்று தள்ளினேன். முகம் வாட்டமாக இருந்தது, இன்றைக்கு வேண்டாம் என்றேன். சிரித்தார், இந்த நேரத்தில் எதற்கு என்றேன். சொல்லாமலிருக்கக் காரணம் தேடுகிறவனுக்கு எல்லா நாளும் ஒரு காரணத்தோடுதான் விடிகிறது.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூன். பதினோரு மணி வெயில். அக்கா வந்து கவுன்டரில் சீட்டை வைத்தார். காலில் வீக்கம் மறுபடி தெரிந்தது.

“கிரியேட்டினின் ஏறினே போவுதாம் வெற்றி. அடுத்த மாசத்துலேர்ந்து மெஷின்ல போட்டு ரத்தத்த சுத்தம் பண்ணணும்னு சொல்ட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தபா.”

மருந்தை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றது. கடையில் யாரும் இல்லை. சொன்னேன். வெள்ளை மாத்திரையைச் சொன்னேன். வலிக்கும் கேஸுக்கும்தான் என்று பொய் சொன்னதைச் சொன்னேன். பாய் கேட்டபோது காகிதத்தில் எழுதாமல் விட்டதையும், அந்த இரண்டு நாளையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன்.

“எனக்குத் தெரியும்” என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்த டாக்டரம்மா வார்டுலயே சொல்ட்டாங்க. நீ வந்து நின்னதையும் சொன்னாங்க, சொல்லாதீங்கன்னு கும்பிட்டதையும் சொன்னாங்க. நான்தான் இவருகிட்ட சொல்லல. சொன்னா உன் கடைய ஒடச்சிருப்பாரு. அப்புறம் போலீசு, கேசுன்னு ஒரே பேஜாரு. ஆஸ்பத்திரிக்கு என்னிய யாரு இட்டுனு போவாங்க?”

“அப்புறம் ஏன்க்கா என் கடைக்கே வந்தீங்க?”

“நீயா சொல்லுவேன்னு வந்தேன். இந்த மாசம் சொல்லுவான், இந்த மாசம் சொல்லுவான்னு. இருவது மாசம் வந்தேன் வெற்றி.” குரல் உயரவில்லை. லேஅவுட் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் கவுன்டரைத் தாண்டவில்லை. “ரெண்டு கிட்னியும் போனதுக்கப்புறம் சொல்ற.”

“மன்னிச்சிடுங்கக்கா.”

“சொல்ட்டே, செரி. அந்தச் சீட்டக் குடு.”

கொடுத்தேன். நான் கட்டி வைத்திருந்த மருந்துக் கவரை அவர் தொடவில்லை. குடையை விரித்து, ஒரு பஸ் போகும் வரை ஓரமாக நின்றார். பிறகு ரோட்டைத் தாண்டிப் போய், அந்தோணிசாமி கடையில் செட் மாத்திரைக்கு நின்றிருந்த நாலு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.